கடிதங்களால் அரசியல் நடத்தியவர்: வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி

1936ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இந்திய அரசாங்கத்தின் சார்பில் மலாயாவுக்கு ஒரு பெரியவர் வந்தார். அவருக்கு அப்போது வயது அறுபத்தேழு. இதய நோயாளி. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். தோட்டத்துத் தமிழருக்குக் கிடைக்கும் கூலி போதுமானதா, இந்தியாவிலிருந்து இன்னும் ஆட்களை இங்கே அனுப்பலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் அவருக்கு இடப்பட்ட வேலை. சில வாரங்கள் தங்கினார், தோட்டங்களைப் பார்த்தார், திரும்பிப்போய் ஓர் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையில் ஒரு வரி நம் பாட்டன் பாட்டிமாரின் சம்பளத்தைத் தொட்டது. ஆனாலும் மலாயாத் தமிழர் பலர் அவரை நன்றியோடு நினைக்கவில்லை. திட்டியவர்களே அதிகம்.

அவர்தாம் வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரி. நம் சங்கத்து மாணவர்களில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்பது ஐயமே. மகாத்மா காந்தி தம் அண்ணனாக மதித்த தமிழர். காந்தியோடு முப்பது ஆண்டுக் காலம் கடிதத்தில் வாதாடிய தமிழர். தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசாங்கத்தின் முதல் ஏஜெண்டு. இத்தனைக்கும் அவர் கட்சி கட்டவில்லை, சிறை செல்லவில்லை, கூட்டம் திரட்டவில்லை. அவருடைய அரசியல் இரண்டு கருவிகளில் அடங்கியது. ஒன்று மேடைப் பேச்சு. மற்றொன்று கடிதம்.

பேச்சைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். வெள்ளி நாவினர் என்று ஆங்கிலேயரே அவரைப் புகழ்ந்தனர். இக்கட்டுரை பெரும்பாலும் அவருடைய கடிதங்களைப் பற்றியது. அந்தக் கடித வழி அரசியல் எவ்வளவு தூரம் போகும், எங்கே போய் நின்றுவிடும் என்பதை நம் தோட்டங்களின் கதையே காட்டிவிடுகிறது.

சாஸ்திரியார் 1869 செப்டம்பர் 22ஆம் நாள் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்தார். ஏழைப் புரோகிதக் குடும்பம். படிப்பு கும்பகோணத்தில். பட்டம் பெற்றபின் மாயவரம், சேலம் ஆகிய ஊர்களில் ஆசிரியராக இருந்து, பின்னர் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியரானார். ஆங்கில இலக்கணத்தில் ஒரு பிழையையும் விடாத ஆசிரியர் என்று பெயர். திருவல்லிக்கேணியில் 1904ஆம் ஆண்டு தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியவர்களிலும் அவர் ஒருவர். அப்படியே இருந்திருந்தால் நல்ல வாத்தியார் என்ற பெயரோடு ஓய்வு பெற்றிருப்பார்.

கோபால கிருஷ்ண கோகலே 1905இல் புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். சொற்பச் சம்பளத்தில் வாழ்நாள் முழுதும் நாட்டுக்கு உழைக்க ஆட்களைச் சேர்க்கும் அமைப்பு அது. சாஸ்திரியார் 1907இல் நிலையான வேலையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தார். பிள்ளைக்குட்டிக்காரர் செய்கிற காரியமா இது என்று உறவினர் கேட்டிருக்கமாட்டார்களா? 1915 பிப்ரவரியில் கோகலே மறைந்தபோது தலைமைப் பொறுப்பு இவரிடம் வந்தது.

அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா திரும்பிய காந்தியும் அச்சங்கத்தில் சேர விரும்பினார். கோகலேயைக் குருவாகக் கொண்டவர் அல்லவா? ஆனால் சங்கத்தார் தயங்கினர். சட்டத்தை மீறும் வழியில் நம்பிக்கை உள்ளவரை, சட்டத்திற்குட்பட்டுப் போராடும் சங்கத்தில் எப்படிச் சேர்ப்பது? தயங்கியவர்களின் தலைவர் சாஸ்திரியார். சங்கடத்தை உணர்ந்த காந்தி தாமே விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டார். வேறு இருவராக இருந்திருந்தால் அத்தோடு முகம் பார்க்காமல் போயிருப்பார்கள். இவர்களுக்கோ நட்பு அங்கேதான் தொடங்கியது எனலாம். காந்தி எழுதும் கடிதங்கள் சகோதரரே என்ற விளியோடு தொடங்கும். பதில் கடிதத்தில் பெரும்பாலும் ஒரு மறுப்பு இருக்கும்.

1919ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். விசாரணையின்றிச் சிறையிலடைக்க வழிசெய்யும் ரௌலட் மசோதாக்களை அரசாங்கம் கொண்டுவந்தது. பிப்ரவரி மாதம் சட்டசபையில் சாஸ்திரியார் அவற்றை எதிர்த்துப் பேசிய பேச்சு அவருடைய பேச்சுகளிலேயே மிகச் சிறந்தது என்பர். கேட்டுக்கொண்டிருந்த காந்தியும் மனம் நெகிழ்ந்தார். ஆனால் அதே மசோதாக்களை எதிர்த்துக் காந்தி சத்தியாக்கிரகம் அறிவித்தபோது, அது வேண்டாம் என்று அறிக்கை விட்டவர்களிலும் சாஸ்திரியார் இருந்தார். சட்டம் தீயதுதான், அதை மீறச் சொல்லி மக்களை அழைத்தால் கலகம் எழும், அதை யாராலும் அடக்க முடியாது என்பது அவர் அச்சம். அவர் அஞ்சியபடியே சில இடங்களில் கலவரம் மூண்டதும், காந்தி இயக்கத்தை நிறுத்தியதும் வரலாறு. ஆனால் அந்த அடக்குமுறைச் சட்டத்தைச் சாஸ்திரியாரின் பேச்சும் தடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மசோதா சட்டமாயிற்று.

காங்கிரசிலிருந்து பிரிந்த மிதவாதிகளோடு அவர் போய்விட்டார். அரசாங்கம் அவரை உலகமெல்லாம் அனுப்பியது. 1921இல் இலண்டன் சாம்ராஜ்ய மாநாடு, ஜெனீவா சர்வதேச சங்கம். அதே ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் வாஷிங்டனில் கடற்படைக் குறைப்பு மாநாடு. அங்கே 1922இல் இந்தியாவின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இந்த வலங்கைமான்காரர்தாம். அதன்பின் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா. அங்குள்ள இந்தியருக்கு வாக்குரிமை கேட்டுப் பேசினார்.

அமெரிக்காவைச் சொன்னதால் ஒன்று. அந்நாட்டில் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டு அரசியல்வாதிகளான ஹென்றி கிளே, ஜான் கால்ஹூன் போன்றோரின் கடிதங்களைப் பல்கலைக்கழகங்கள் பல தொகுதிகளாக அச்சிட்டு வைத்திருக்கின்றன. அவர்களிடையே சமரசப் பேச்சுக்குப் பெயர்போனவர் கிளே. மேடையில் சொல்லாததைக் கடிதத்தில் சொல்வார்கள். அதனால் ஒரு காலத்தின் அரசியலை அறியக் கடிதத்தைத்தான் முதலில் புரட்ட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நம் சாஸ்திரியாருக்கு அப்படித் தொகுதி வரிசை கிடையாது. டி. என். ஜகதீசன் என்ற அன்பர் பலரிடமும் கேட்டு வாங்கிச் சேர்த்து, 1944இல் சென்னையில் வெளியிட்ட ஒரு நூல்தான் நமக்குக் கிடைத்த பெரும் புதையல். ஜகதீசன் தொழுநோய்க்கு ஆளாகி, பிறகு தொழுநோயாளிகளின் தொண்டிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். சாஸ்திரியாரின் சொற்கள் வீணாகிவிடக் கூடாது என்று அவர் கவலைப்பட்டிராவிட்டால் பல கடிதங்கள் அலமாரிகளில் கரையானுக்குப் போயிருக்கும்.

அக்கடிதங்களைப் படிக்கும்போது ஒன்று புலப்படும். மேடையில் நிதானமாகத் தோன்றும் மனிதர் தனிக் கடிதத்தில் அத்தனை நிதானமானவர் அல்லர். தம்பி இராமசாமி சாஸ்திரிக்கும் சங்கத் தோழர்களுக்கும் எழுதும்போது கோபம், ஏமாற்றம், குறும்பு எல்லாம் வெளிப்படுகின்றன. 1923இல் கென்யாவில் குடியேறிய இந்தியரின் உரிமைக்காக வாதாட இலண்டன் போனார். நல்ல நிலங்கள் எல்லாம் வெள்ளையருக்கே என்று பிரிட்டிஷ் அரசாங்கம் கைவிரித்துவிட்டது. வாழ்நாள் முழுதும் பிரிட்டிஷாரின் நியாய உணர்வை நம்பியவருக்கு அது பெரிய அடி. சாம்ராஜ்யக் கண்காட்சியைப் புறக்கணிக்க வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு அவர் மனம் கசந்தது. ஆயினும் அடுத்த அழைப்பு வந்ததும் மறுபடியும் பேசப் போனார். இது பலவீனமா, பொறுமையா? இரண்டும்தான் என்பது என் எண்ணம்.

1927இல் கேப் டவுன் உடன்படிக்கைக்குப் பின் தென்னாப்பிரிக்காவுக்கு ஓர் இந்திய ஏஜெண்டு தேவைப்பட்டார். உடல்நிலையைக் காட்டித் தயங்கிய சாஸ்திரியாரைப் போகச் சொல்லி வற்புறுத்தியவர்களில் காந்தி முதன்மையானவர். அங்கே இருந்த ஒன்றரை ஆண்டுக் காலமும் இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இருந்தது. காந்திக்கு அந்த நாட்டின் ஒவ்வொரு சந்தும் தெரியும். சாஸ்திரியாருக்கோ வெள்ளை அமைச்சர்களின் மனத்தில் இடம் பிடிக்கும் நாவன்மை இருந்தது. டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கென 1929இல் திறக்கப்பட்ட சாஸ்திரிக் கல்லூரி அவர் முயற்சியின் பலன். கரும்புத் தோட்டத்துக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் அங்கே படித்து ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆனார்கள். அந்தக் காலகட்டத்தில் அரசாங்கம் கொடுக்க முன்வந்த சர் பட்டத்தை அவர் ஏற்கவில்லை.

1931ஆம் ஆண்டில் அவருடைய வழி ஒருமுறை முழு வெற்றி கண்டது. முதல் வட்டமேசை மாநாடு முடிந்து சாஸ்திரியார், சர் தேஜ் பகதூர் சாப்ரு, ஜெயகர் மூவரும் பிப்ரவரி 6ஆம் நாள் கப்பலை விட்டு இறங்கினர். காந்தி அப்போதுதான் சிறையிலிருந்து விடுதலையாகியிருந்தார். மூவரும் அலகாபாத் விரைந்தனர். வைசிராய் இர்வினைச் சந்திக்க விரும்புவதாக நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள் என்று காந்தியிடம் வாதாடினர். தாமாக எழுதினால் இறங்கிப்போனதாக ஆகாதா என்ற தயக்கம் இருக்கத்தான் செய்யும். கடைசியில் காந்தி எழுதினார். சில நாளில் பேச்சு தொடங்கியது. மார்ச் 5ஆம் நாள் காந்தி இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆயிரக்கணக்கானோர் சிறையிலிருந்து வெளிவந்தனர். ஒரு கடிதம் எழுதவைத்ததற்குக் கிடைத்த பலன் இது.

அந்த உரிமையில்தான் அவர் காந்திக்குக் கசப்பான கடிதங்களையும் எழுதினார். 1933இல் சட்டமறுப்பு ஓய்ந்து நாடு சோர்ந்திருந்தபோது, காங்கிரசை உங்கள் பிடியிலிருந்து விட்டுவிடுங்கள், அது தன் வழியைத் தானே தேடட்டும் என்ற பொருள்பட எழுதினார். அன்றைய இந்தியாவில் காந்தியிடம் இப்படிப் பேசத் துணிந்தவர்கள் மிகச் சிலர். காந்தி கோபித்துக்கொள்ளவில்லை. மாறாக, அதே ஆண்டு தொடங்கிய ஹரிஜன் இதழின் ஆங்கிலத்தில் பிழை கண்டால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பழைய தலைமையாசிரியர் விடுவாரா? சிவப்பு மையை எடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காந்தியின் சத்திய சோதனை ஆங்கில மொழிபெயர்ப்பின் இரண்டாம் பதிப்பைத் திருத்திக்கொடுத்த, பெயர் வெளியிட விரும்பாத அன்பரும் இவரே என்பது பலரும் ஒப்புக்கொண்ட செய்தி.

இனி நம் கதைக்கு வருவோம்.

மலாயாத் தோட்டங்களில் 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று முக்கிய வட்டாரங்களில் கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை சரிந்தது. பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். மிஞ்சியவர்களின் கூலியை வெட்டினார்கள். சில வட்டாரங்களில் அது 30 காசுக்கும் கீழே போனது. மாதம் 25 நாள் பெரட்டுக்குப் போனாலும் கைக்கு வருவது ஏழு வெள்ளி ஐம்பது காசுதான். பின்னர் ரப்பர் விலை ஏறியது. கூலி மட்டும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. தோட்ட முதலாளிகளுக்கோ இன்னும் ஆட்கள் தேவைப்பட்டனர். இந்த நிலையில் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்பலாமா கூடாதா என்ற கேள்விக்கு விடை தேடித்தான் சாஸ்திரியாரை அனுப்பியது.

அவர் தொழிலாளர் விவகாரம் தெரியாதவர் அல்லர். 1929 முதல் 1931 வரை இந்தியாவில் விசாரணை நடத்திய அரச தொழிலாளர் கமிஷனில் அவர் ஓர் உறுப்பினர். மலாயாவில் அவர் எழுதிய அறிக்கை 1937இல் வெளிவந்தது. கூலியை மீண்டும் 50 காசு, 40 காசாக ஆக்க வேண்டும் என்றார். கங்காணிகளை ஊருக்கு அனுப்பி ஆள் பிடிக்கும் முறைக்கு மீண்டும் இடம் தர வேண்டாம் என்றார். ஆனால் தாமாக விரும்பி வருவோரைத் தடுக்கும் அளவுக்கு இங்கே நிலைமை மோசமில்லை என்றும் எழுதினார். பெண்ணுக்கு ஏன் பத்துக் காசு குறைவு என்று அவர் கேட்கவில்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அதே விடியலில் அதே பால்மரத்தை வெட்டிய நம் பாட்டிமார் அந்தப் பத்துக் காசைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை எழுதிவைக்க அன்று யாருமில்லை.

கடைசியாகச் சொன்ன அந்த முடிவுதான் வசவை வாங்கித் தந்தது. 1936இல் அமைந்த மலாயா மத்திய இந்தியர் சங்கத்தாருக்கு அறிக்கை மிகவும் மிதமாகப்பட்டது. துரைமார் காட்டியதைப் பார்த்துவிட்டுப் போனார் என்று குறைகூறினர். சில மாதங்களில் மலாயா வந்த ஜவகர்லால் நேரு, இந்தியர் ஒன்றுசேர்ந்து தங்கள் பலத்தில் நிற்க வேண்டும் என்று பேசினார். இளைஞர்களுக்கு அதுவே பிடித்தது.

குறைகூறியவர்கள் முழுதும் தவறில்லை. அதே சமயம், 1937இல் கூலி 50 காசாகவும் 40 காசாகவும் உயர்ந்தது. மாதம் பன்னிரண்டரை வெள்ளி. ஏழரைக்கும் பன்னிரண்டரைக்கும் உள்ள வித்தியாசம், பிள்ளைக்குச் சட்டை வாங்குவதா வேண்டாமா என்ற வித்தியாசம். ஐந்து வெள்ளிக்கு ஒரு குடும்பம் என்னென்ன கனவு காணும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்த அறிக்கையை வெறும் துரைமார் புகழ்ச்சி என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

ஆனால் அந்த வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 1938இல் ரப்பர் விலை இறங்கியதும் முதலாளிகள் மீண்டும் கூலியில் கைவைத்தார்கள். நயமாக எடுத்துச் சொல்லி வாங்கிய காசை, நயமாகவே திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் இந்திய அரசாங்கம் பொறுக்கவில்லை. 1938 ஜூன் 15ஆம் நாள் முதல் உதவி பெற்று மலாயா வரும் கூலியாட்களின் பயணத்துக்குத் தடை விதித்தது. சாஸ்திரியார் அறிக்கையின் மைய முடிவு அதோடு செல்லாக் காசானது. தோட்டங்களுக்குப் புது ஆட்கள் கப்பலில் வந்து இறங்கிய காலம் அப்படித்தான் முடிந்தது. நம்மில் பலருடைய குடும்பக் கதையில் தாத்தாவோ பூட்டனோ அதற்கு முன்பே வந்தவராக இருப்பதற்கு இதுவே காரணம்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்றனர். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும். உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அரசாங்கம் இராணுவத்தை இறக்கியது. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். சைக்கிளை விட்டு இறங்கும் அவமானம் தினமும் அனுபவிப்பவனுக்குத் தெரியும். விருந்தினராக வந்து காரில் சுற்றிப் பார்த்தவர் கண்ணுக்கு அது எப்படிப் படும்? சாஸ்திரியாரின் முறை தோட்ட வாசலில் நின்றுவிட்டது இந்த இடத்தில்தான். வைசிராய்க்கும் மகாத்மாவுக்கும் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு, லயத்து வீட்டிலிருந்து எழுதுவோர் இல்லை. எழுதத் தெரியாதவர்களின் குறை அவர் மேசைக்கு எப்படி வரும்?

மலாக்கா மாநிலத்துக்கு இதில் பங்கில்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டங்களிலும் இதே கூலி உயர்வும் கூலி வெட்டும்தான். பாயா ரும்புட் வட்டாரத்தில் இன்று வரிசை வரிசையாகத் தாமான் வீடுகள். அவற்றில் குடியிருக்கும் நம் குடும்பங்களில் பலவும் அந்த 50 காசு, 40 காசு காலத்தைக் கடந்து வந்தவைதாம்.

தமிழ்ச் சங்க மலரில் எழுதுவதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1940இல் சென்னை அரசாங்கம் பாடநூல்களுக்குக் கலைச்சொற்கள் அமைக்கச் சாஸ்திரியார் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. அக்குழு வடமொழி, ஆங்கிலச் சொற்களின் பக்கம் சாய்ந்ததாகத் தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தனர். எதிர்ப்பு வலுக்கவே குழுவைத் திருத்தியமைக்க வேண்டி வந்தது. நாம் இன்று வேதியியல், இயற்பியல் என்று தமிழில் சொல்லிப் பழகியிருப்பதில் அந்த எதிர்ப்புக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டில் பிறந்து, தமிழரின் பெயரால் விளங்கும் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்தவர், தம் மிகச் சிறந்த எழுத்தையெல்லாம் ஆங்கிலக் கடிதங்களில் இறைத்துவிட்டார். இதில் எனக்கு வருத்தம் உண்டு.

இறுதிக் காலத்தில் அவர் பாகிஸ்தான் பிரிவினையைக் கடுமையாக எதிர்த்தார். ஜின்னாவோடு காந்தி 1944இல் நடத்திய பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. அதையும் மறைக்காமல் காந்தியிடமே சொன்னார். 1946 ஜனவரியில் காந்தி சென்னைக்கு வந்தபோது சாஸ்திரியார் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். காந்தி போய்ப் பார்த்தார். முப்பது ஆண்டுக் காலம் தாளில் வாதாடிய இருவரும் நேரில் பேசிய கடைசிச் சந்திப்புகள் அவை. அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் காலமானார். நான்கு மாதம் கழித்து, ஆகஸ்டில், மலாயாவில் ஜான் திவியைத் தலைவராகக் கொண்டு மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. தோட்டத் தொழிலாளர்கள் நாடு தழுவிய ஒரே சங்கமாகத் திரள 1954ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.